விளக்கை நக்கிய எலி

திற. வாயைத் திற. கரண்டி அவன் கீழுதட்டில் முட்டி நிற்கிறது, உதடுகள் இரண்டும் தைத்துவிட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான், ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இத்தனை பிடிவாதமான கோடு எங்கிருந்து வந்தது, என் முகத்தில் அப்படி ஒன்று கிடையாது, பெர்னார்டுக்குக் கிடையாது, அவனுக்கு வாய் எப்போதும் லேசாகத் திறந்தேதான் இருக்கும், இது பெர்னார்டைப் பெற்ற அத்தையின் கோடு, அத்தை சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதே கோட்டுடன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் ஒரு பழைய காலண்டர் அட்டை, விசிறிக்கொள்கிறாள், தனக்கு மட்டும். ஃபேன் ஓடவில்லை. இன்று பராமரிப்பு நாள், பாலக்கரை முழுக்கக் காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்ததாம், போட்டிருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ராத்திரியே போனைச் சார்ஜில் போட்டிருப்பேன், அது தெரிந்துதான் சொல்லவில்லையோ என்னவோ. போன் அலமாரி மேல் கறுப்பாகச் செத்துக் கிடக்கிறது. ஏபெல் அதை ஒரு தடவை பார்த்தான், அதற்கு நேராகக் கையை நீட்டினான், முதல் கரண்டி நாக்கில் பட்டதும் வெளியே தள்ளினான், பிறகு வாயை மூடிக்கொண்டான். காலையில் குழந்தை டாக்டர் எடை பார்க்கும் தட்டில் அவனை உட்கார வைத்தபோது முள் போன மாதம் நின்ற இடத்துக்கும் கீழே நின்றது. சாப்பாட்டு நேரத்துல போன் காட்டுறீங்களாம்மா என்று டாக்டர் கேட்டாள், என்னைவிடச் சின்னவளாக இருப்பாள், எப்பவாவது என்றேன். பின்னாலிருந்து அத்தை, எப்பவாவதா, அது இல்லாம ஒரு வாய் எறங்காது டாக்டர், வாத்துப் பாட்டு பாடுனாத்தான் துரை வாயத் தொறப்பாரு. டாக்டர் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. திரும்பி வரும்போது ஆட்டோவில் வைத்து, டிரைவர் கேட்கும்படி, அத்தை சொன்னாள்: ரெஜினா சாயங்காலம் கார்ல வர்றா ஜெசி. மத்தியானக் கஞ்சியப் போன் இல்லாம முழுசாக் குடுத்துக் காட்டு, நான் ஒரு வார்த்தை பேசல. முடியலையா, புள்ள ரெண்டு மாசம் திண்டுக்கல்ல அவகிட்ட இருக்கட்டும், பெர்னார்டும் சரின்னுட்டான். பெர்னார்ட் சரி என்றானா, எப்போது, எந்த நேரத்தில், நான் குளிக்கும்போதா. ரெஜினாக்கா பெர்னார்டின் அக்கா, பிள்ளை இல்லாதவள், ஏபெல் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவனை என் கையிலிருந்து வாங்கியவள் திருப்பித் தர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். ரெண்டு மாசம் என்று யாரும் ரெண்டு மாசத்துக்குச் சொல்வதில்லை.

திறடா. என் செல்லமில்ல, என் தங்கமில்ல, திற. பின்னால் கரண்ட் போன வீட்டின் மௌனம் காதை அடைக்கிறது, பிரிட்ஜ்கூட முனகவில்லை. பாட்டு இருந்தால் இந்நேரம் பாதிக் கிண்ணம் காலியாகியிருக்கும். டின் டினா டின் என்று அந்த மணி அடிக்க வேண்டும், மஞ்சள் வாத்து திரையின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னாலேயே, மணியின் முதல் டின்னிலேயே, இவன் வாய் திறந்துவிடும், கண் திரையில், கை மடியில், வாய் மட்டும் தனியாக ஒரு பிராணி மாதிரி திறக்கும், நான் வைப்பேன், விழுங்குவான், திறக்கும், வைப்பேன். என்ன வைக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. யார் வைக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு நாள் என் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்ப்போமே என்று அவன் தாடையைத் தொட்டேன், ஈயை விரட்டுகிற மாதிரி என் கையைத் தட்டிவிட்டான். எதிரே தெருவில் மீன்காரர் வண்டியில் இதே மணியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு போனார் ஒரு நாள், தூக்கத்தில் இருந்தவன் வாயைத் திறந்தான். தூக்கத்தில். நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள், நீதானே பழக்கின. நான்தான் பழக்கினேன். படித்துப் பழக்கினேன். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத விஷயத்தை நான் ஒருத்தி காலேஜில் சேர்ந்து எலிகளை வைத்துப் படித்துவிட்டு வந்து, பிள்ளை மேல் செய்து பார்த்தேன், முதலில் மணி, பிறகு கஞ்சி, ஒவ்வொரு தடவையும் மணி, பிறகு கஞ்சி, ஒரே வாரத்தில் வாய் திறந்துவிட்டது, என்ன சந்தோஷம் அன்றைக்கு, பெர்னார்டைக் கூப்பிட்டுக் காட்டினேன், பாருங்க பாருங்க, மணி அடிச்சதும் எப்படித் திறக்குறான். சூப்பர் ஜெசி என்றான். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சோதனைச்சாலை மூன்றாவது மாடியின் கோடியில் இருந்தது, மரத்தூளும் மூத்திரமும் சேர்ந்த வாடை, இன்றைக்கும் தச்சர் பட்டறையைக் கடந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். பெட்டிக்குள் ஒரு சின்ன விளக்கு, ஒரு குழாய். விளக்கு எரியும், குழாயில் சர்க்கரைத் தண்ணீர் சொட்டும். வேதவல்லி மேடம் எலியின் மூளைக்குள் மயிரைவிட மெலிந்த கம்பியை இறக்கியிருந்தாள், அடிமூளையில் ஒரு சின்னக் கூட்டம் நரம்பணுக்கள், டோபமின் சுரக்கிற கூட்டம், அது எப்போது துடிக்கிறது என்று ஸ்பீக்கரில் டக்டக்கென்று கேட்கும். முதல் நாள் சர்க்கரை நாக்கில் பட்டதும் துடித்தது. ஒரு வாரம் போனால் சர்க்கரைக்குத் துடிக்கவில்லை, விளக்குக்குத் துடித்தது. சர்க்கரை வரும்போது அங்கே சத்தமே இல்லை, எதிர்பார்த்ததுதானே, அதில் என்ன இருக்கிறது. விளக்கு எரிந்து சர்க்கரை வராமல் போனால் அந்த டக்டக் சட்டென்று அடங்கி ஒரு பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தைக் கேட்க எனக்கு எப்போதும் பயமாக இருக்கும், யாரோ படி இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போன மாதிரி. ஆசைப்படுவது ஒரு இடம், ருசிப்பது வேறு இடம்மா, ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்கிறவந்தான் கல்யாணம் பண்ணிக்கிறான் என்பாள் மேடம், அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களைப் பார்த்து அப்படிச் சொல்லும்போது பிஸ்கட் கடித்துக்கொண்டிருப்பாள், தூள் நோட்டில் விழும். பத்துப் பதினைந்து எலிகளில் ஒன்றிரண்டு மட்டும் வேறு மாதிரி. விளக்கு எரிந்ததும் மற்றவை குழாய்க்கு ஓடும், இவை விளக்குக்கு ஓடும். விளக்கை மோப்பம் பிடிக்கும், கடிக்கும், நக்கும், அந்தப் பக்கம் சர்க்கரை சொட்டிக் கீழே போய்க்கொண்டிருக்கும், இது விளக்கை நக்கிக்கொண்டே இருக்கும். என் எலி அப்படி ஒரு எலி. அதற்கு நான் சிஸ்டர் அக்னெலா என்று பெயர் வைத்திருந்தேன், எங்கள் கான்வென்ட் தலைமை சிஸ்டரின் பெயர், இருவருக்கும் மூக்கு நுனி ஒரே மாதிரி சிவந்திருக்கும். உனக்கு எலி மேல பரிதாபம் ஜாஸ்தி, கிராஃப் மேல கம்மி என்று மேடம் திட்டுவாள். பரிதாபம் இல்லை. வெறுப்பு. அது விளக்கை நக்குவதைப் பார்த்தால் எனக்குக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கும், முட்டாளே, சர்க்கரை அங்கே, அங்கே. இப்போது என் எதிரே உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் சட்டை போட்டிருக்கிறது. கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது.

ஏடு கட்டுதும்மா, கிண்டு என்கிறாள் அத்தை. கிண்டுகிறேன். ஒரு துளியை மணிக்கட்டின் உட்பக்கம் விட்டுப் பார்க்கிறேன், சூடு சரியாக இருக்கிறது, நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது, பிள்ளை சாப்பாட்டில் பெரியவர்கள் வாய் வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், எச்சில் பட்டால் பிள்ளை உடம்பில் ஒட்டாதாம், வந்த புதிதில் நான் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டேன் என்று அந்தக் கிண்ணத்தையே தொட்டியில் கவிழ்த்தாள். சத்துமாவும் அவள் ராஜ்யம்தான். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, முந்திரி, என்னென்னவோ வறுத்து, மில்லில் தானே நின்று அரைத்து, பெரிய தகர டின்னில் அடைத்து வைத்திருக்கிறாள், கடையில விக்கிற குப்பைய நான் என் பேரனுக்குக் குடுக்க மாட்டேன். ஏலக்காய் வாசனை தூக்குகிறது, எப்போதும் அள்ளித்தான் போடுவாள், அந்த வாசனை வந்தாலே எனக்கு இந்த வீட்டின் எல்லா மத்தியானங்களும் சேர்ந்து நெஞ்சில் ஏறும். எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. பெர்னார்டின் பைக் தெருமுனையில் திரும்புகிற சத்தம், கல்யாணமான புதிதில் அது கேட்டால் எனக்குக் கால் தானாகக் கதவுக்குப் போகும், இப்போது அதே பைக், அதே சத்தம், கால் சமையலறைக்குத் திரும்புகிறது, இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிட்டார்களோ என்று. சத்தம் மாறவில்லை. அதற்கு அர்த்தம்தான் மாறிவிட்டது. நெற்றிக்குப் பின்னால், கண்ணுக்கு மேலே இருக்கிற இடம்தான் அதைச் செய்யும் என்று படித்தேன், நேற்று நல்லது கொடுத்த விளக்கு இன்று ஷாக் அடித்தால், சரி, இனி வேண்டாம், அடுத்த பக்கம் போ என்று அழித்து எழுதுகிற இடம். என்னுடையது நன்றாகத்தான் வேலை செய்கிறது. இவனுடையது செய்கிறதா. செய்யாவிட்டால். அந்த இடத்தை நான் கெடுத்துவிட்டேன் என்றால். இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற மூளை, ஈரச் சிமெண்ட், அதில் நான் ஒரு வாத்தின் காலைப் பதித்துவிட்டேன், இனி அது காயும், அவன் பெரியவனாவான், எங்கேயோ ஒரு மணி அடிக்கும், திறப்பான், யார் எதை வைத்தாலும் விழுங்குவான்.

கோயில் மணி அடிக்கிறது. பன்னிரண்டு. என் கை அப்படியே நின்றுவிட்டது, கரண்டி பாதி வழியில், உதடு அசைகிறது, நான் அசைக்கவில்லை, அதுவே ஆண்டவருடைய சம்மனசு என்று திரிகால ஜெபத்தை ஆரம்பித்துவிட்டது. கான்வென்டில் பன்னிரண்டு மணி அடித்தால் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும், மாடிப்படியில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்றால் அப்படியே, வாயில் சோறு இருந்தால் மெல்லக் கூடாது. வகுப்பில் சிஸ்டர் அக்னெலா மேசை டிராயரை இழுப்பாள், கிரீச் என்று ஒரு சத்தம், உள்ளே சரிகை ஓரம் போட்ட சுரூபப் படங்கள், அருமையாகப் பதில் சொல்கிறவளுக்கு ஒன்று. கிரீச் கேட்டதும் நாற்பது முதுகுகள் நிமிரும். என்னிடம் ஒரு சிகரெட் டப்பா நிறைய அந்தப் படங்கள் இருந்தன, ஒன்றைக்கூட நான் எடுத்துப் பார்த்ததில்லை, புனிதர்களின் முகம்கூட ஞாபகமில்லை, எனக்கு அந்தக் கிரீச்தான் வேண்டியிருந்தது, சிஸ்டரின் கை உள்ளே போகிற அந்த ஒரு நொடி. அப்படியானால் யார் எலி. மணி நின்றது. ஜெபம் முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டேன். என்னம்மா கரண்டியப் புடிச்சிக்கிட்டு செலையா உக்காந்திருக்க, புள்ள என்ன உன் முன்னால முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுமா என்கிறாள் அத்தை, தன் சிலுவையைப் போட்டு முடித்துவிட்டு. திறடா. அவன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறான், கரண்டி கன்னத்தில் இழுபட்டு ஒரு பழுப்புக் கோடு போடுகிறது, காதுவரை. எனக்கு ஒரு கணம், ஒரே கணம், அந்தக் கன்னத்தை.

இல்லை. நினைக்கவில்லை. நான் அதை நினைக்கவில்லை. நினைத்தது இதுதான்: சாயங்காலம் கார் வரும், ரெஜினாக்கா ஏறி வருவாள், அவள் கழுத்தில் கனமான சங்கிலி, அவன் அதைப் பிடித்து இழுப்பான், அவள் மடியில் உட்காருவான், ஒரு கரண்டி வைப்பாள், திறப்பான். பாட்டே இல்லாமல் திறப்பான். அதுதான். அவன் சாப்பிடாமல் போவதைவிட அவள் கையில் சாப்பிட்டுவிடுவானோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, எவ்வளவு அசிங்கமான தாய். அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாதே, அது இருக்கட்டும், தொட்டுவிட்டேன்: போனால் தூங்கலாம். ரெண்டு மாசம் தூங்கலாம். யாரும் என் கரண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். இவன் அழுகை ஆரம்பித்தால் எனக்கு ஒரு காலத்தில் மாரில் பால் ஊறிச் சட்டை நனையும், யோசிப்பதற்கு முன்னால் உடம்பு எழுந்துவிடும், இப்போது அழுகை கேட்டால் முதலில் ஒன்றுமே இல்லை, ஒரு வெள்ளைச் சுவர், பிறகுதான் நான் எழுகிறேன், எழ வேண்டும் என்று முடிவு செய்து எழுகிறேன், அந்த முடிவுக்கும் அழுகைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அத்தைக்குத் தெரியும், அவள் அதைக் காது வைத்துக் கேட்கிறாள், பெத்தவளுக்கு ஓடணும்னு தோணாதா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். தோணுவது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் அத்தை, இடம் சொல்வேன், படம் போட்டுக் காட்டுவேன், அதைத் துடிக்க வைக்கத்தான் தெரியவில்லை. போதும்மா, மணி ஆகுது என்று அவள் ஸ்டூலை நகர்த்துகிறாள். முழங்கால் சடசடவென்கிறது. வருகிறாள். மூக்கப் புடி, தன்னால தொறக்கும், பெர்னார்டுக்கு நான் அப்படித்தான் குடுத்தேன், செத்தா போயிட்டான். வேணாம் அத்தை. நீ புடிக்கலேன்னா நான் புடிக்கிறேன். குனிகிறாள், அவளுடைய இரண்டு விரல்கள், மோதிர விரலில் ஜெபமாலை மோதிரம், அவன் மூக்கை நோக்கி வருகின்றன, அவன் அதைப் பார்க்கிறான், நகரவில்லை, அழவில்லை, வாயை இன்னும் இறுக்குகிறான், உதடு வெளுத்துவிட்டது, கண் மட்டும் விரிகிறது, அந்தக் கண் என் பக்கம் வரவில்லை, ஏன் வரவில்லை, இந்த நேரத்தில்கூட என்னைத் தேடத் தோன்றவில்லையா உனக்கு, நான் அத்தையின் கையைத் தட்டிவிட்டேன், சத்தமாகவே விழுந்தது அடி, ஏய் என்றாள், நான் வாயைத் திறந்தேன், எனக்கே தெரியாமல் அந்த எழவெடுத்த மணியை என் தொண்டையால் அடித்தேன். டின் டினா டின்.

வாய் திறந்தது. அத்தை பின்னால் நகர்ந்தாள். டின் டினா டின், கான்வென்ட் கோயிலில் பாடிய குரல் எனக்கு, ஆல்டோ என்கிற கீழ்க்குரல், இப்போது வாத்துக்குப் பாடுகிறேன், கரண்டியை வைத்தேன், விழுங்கினான். வைத்தேன், விழுங்கினான். பாத்தீங்களா என்று கண்ணால் அத்தையைக் கேட்டேன், போன் இல்லை, போன் இல்லாமல், உங்கள் பந்தயம்தானே. மூன்றாவது கரண்டியில் அவன் நிறுத்தினான். மணி கேட்கிறது, வாத்தைக் காணோம். அலமாரியைப் பார்த்தான், கறுப்பாகக் கிடந்தது. ஜன்னலைப் பார்த்தான். நெற்றியில், கண்ணுக்கு மேலே, இரண்டு சின்னச் சுருக்கங்கள் விழுந்தன, நான் அந்தச் சுருக்கங்களையே பார்த்தேன், உள்ளே ஏதோ அழித்து எழுதப்படுகிற மாதிரி. பிறகு சத்தம் வருகிற இடத்தைத் தேடி மெதுவாகத் திரும்பி என் வாயைப் பார்த்தான். என் கண்ணை இல்லை, வாயை. ஆனால் அது என் முகத்தில் இருக்கிற வாய். கிண்ணத்துக்குள் கையை முக்கியிருந்தான், அந்தக் கையோடு எழுந்து, கஞ்சி சொட்டச் சொட்ட, விரல்களை என் உதட்டுக்கு நடுவில் நுழைத்தான், உள்ளே, பல்லைத் தாண்டி, நாக்கின் மேல், வாத்து எங்கே என்று துழாவினான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முதலில் என்று தெரிவதற்குள் நாக்குக்கு வேறொன்று தெரிந்துவிட்டது. காறல். நாக்கின் அடியைப் பிடித்து, தொண்டையில் கீறி இறங்குகிற காறல், கெட்டுப்போன எண்ணெயின் கசப்பு, ஏலக்காய் போய் ஒரு நொடி கழித்து வந்தது. நான் அவன் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, கரண்டியில் அள்ளி, அத்தை பார்க்கப் பார்க்க, என் வாயில் வைத்தேன். ஏய் எச்சி பண்ணாத, உனக்கு எத்தனை தரம். மென்றேன். அந்த மாவில் இருந்த நிலக்கடலையும் முந்திரியும் மழைக்காலம் முழுக்கத் தகர டின்னில் வியர்த்துக் காறிப்போயிருக்கின்றன. வாரக்கணக்காக. மாதக்கணக்காகவோ.

அப்போதுதான் மேடம் ஒரு நாள் குழாயில் கொயினா கலந்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு நாள் எத்தனை தடவை நினைத்த சோதனைச்சாலை, இது மட்டும் வரவில்லை. சர்க்கரையைக் கசப்பாக்கிவிட்டு விளக்கைப் போட்டாள். கொஞ்ச நாள் மட்டும் பழகிய எலி ஒரு வாய் வைத்தது, நின்றது, அதன் பிறகு விளக்கு எரிந்தாலும் குழாய்க்குப் போகவில்லை. யோசிக்கிறது பாருங்கள் என்றாள். ரொம்ப நாள் பழகிய எலி போய்க்கொண்டே இருந்தது, விளக்கு, கசப்பு, விளக்கு, கசப்பு, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தது. எது கெட்டுப்போன மூளை என்று பரீட்சையில் கேட்டார்கள், நான் முழு மதிப்பெண் வாங்கினேன். இன்று ஒரு பிள்ளை, பாட்டு இல்லாத ஒரே ஒரு நாளில், தன் நாக்கால் ருசித்து, வேண்டாம் என்று வாயை மூடியிருக்கிறது. எத்தனை நல்ல மூளை. நான் அந்த வாய்க்கு முன்னால் உட்கார்ந்து, கெட்டுவிட்டதே கெட்டுவிட்டதே என்று. இத்தனை நாள் நான் மணி அடித்து அடித்து இதை அவனுக்குள். எடை முள் ஏன் கீழே நிற்காது. கரண்டியை நிரப்பினேன். எழுந்தேன். அத்தைக்கு நேராக நீட்டினேன். ஆ காட்டுங்க அத்தை. என்னடி இது. ஆ காட்டுங்க. உங்க மாவுதான், உங்க பேரனுக்கு அரைச்சதுதான், ஒரு வாய். அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் கரண்டியை அந்தக் கோட்டில் முட்டினேன், மெதுவாக, இவ்வளவு நேரமும் பிள்ளை உதட்டில் எப்படி முட்டினேனோ அப்படி. அவள் என் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள், டின்னின் மூடி கழலும் சத்தம், பிறகு தொட்டியில் காறித் துப்புகிற சத்தம். திரும்பி வந்தபோது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கண் என்னைப் பார்க்கவில்லை. மழைக்கு டின்னு வேர்த்திருக்கும் என்றாள். பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பழியை என் மேல் திருப்ப எவ்வளவு சீக்கிரம் வழி கண்டுபிடித்துவிட்டாள், ஆமா, ஊட்டுறவ நீ, பெத்தவ ஒரு வாய் ருசி பாத்து ஊட்ட மாட்டியா?

நான் சிரித்துவிட்டேன். நல்ல சிரிப்பு இல்லை அது. அவளும் அதைக் கேட்டாள், அட்டையை எடுத்து வேகமாக விசிறிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது, அது அப்படியே இருக்கட்டும். சோறு வடிச்சது இருக்கு, பருப்பு போட்டுப் பெசஞ்சு குடுக்கப் போறேன், நானே ருசி பாத்துட்டுத்தான் குடுப்பேன் என்றேன். அவன் எங்கேயும் வரல அத்தை. ரெஜினா அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாளே, வந்தா நான் என்னன்னு சொல்றது? புள்ளைக்கு வாய் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அவள் அட்டையை மடியில் போட்டாள், அதையே பதில் என்று எடுத்துக்கொண்டேன், பெர்னார்டிடம் நானே பேசிக்கொள்வேன், அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற போனைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பேசுவேன். கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்க்கப் போனபோது பிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி முனக ஆரம்பித்தது, ஃபேன் சுழன்றது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்ட் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில், டிவி எழுந்தது. அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. டின் டினா டின். ஏபெல் சுவரைத் திரும்பிப் பார்த்தான், வாய் திறந்தது. ஈறு, நான்கு பல், சிவந்த உள்நாக்கு, எதை வைத்தாலும் வாங்கிக்கொள்கிற அந்த ஓட்டை. அத்தை கை நீட்டிக் கரண்டியைத் தேடினாள், பழக்கம். வேண்டாம் என்று தலையாட்டினேன். தரையில் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன், வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டேன். இதற்கு இருக்கிற ஒரே வைத்தியம் விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டு ஒன்றும் தராமல் இருப்பது, எலிகளுக்கு வெகு நாள் பிடித்தது. பாட்டு முழுவதும் ஓடியது. வாத்து தண்ணீரில் குதித்தது, சத்தம் கேட்டது. அவன் வாய் திறந்தே இருந்தது, எச்சில் வழிந்து மஞ்சள் சட்டையில் விழுந்தது. நான் ஒன்றும் வைக்கவில்லை. மறுபடி பாட்டு ஆரம்பித்தது, நான் ஒன்றும் வைக்கவில்லை, அத்தை, அய்யோ பாவம்டி என்றாள், நான் வைக்கவில்லை, பாட்டின் நடுவில் எங்கேயோ அவனுக்குத் தாடை வலித்திருக்க வேண்டும், வாயை மூடினான், விழுங்க ஒன்றும் இல்லாததை விழுங்கினான், பசிக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி, வீறிட்டு அழுதான். சுவரைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.